"விலக்க முடியல"ன்னா "அவங்கதான்"னு அர்த்தமா? ஜான்பெனே கேஸ்ல கையெழுத்து

1996 டிசம்பர் 26 காலைல, அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து போல்டர் ஊர்ல, 6 வயசு ஜான்பெனே ராம்சேவைக் காணோம்னு அம்மா போலீசுக்கு போன் பண்றாங்க, 1,18,000 டாலர் கேட்டு ரெண்டரைப் பக்க மிரட்டல் லெட்டர் ஒண்ணு வீட்டுக்குள்ளயே கிடக்குது, ஆனா அன்னிக்கு மத்தியானமே குழந்தையோட உடல் அதே வீட்டு பேஸ்மென்ட்ல கிடைச்சுது. லெட்டர் எழுதின பேப்பர் அந்த வீட்டு நோட்பேட்ல கிழிச்சது, மார்க்கர் பேனாவும் அந்த வீட்டோடதுதான். கொன்னது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அதனாலயே எல்லார் கண்ணும் அந்தக் கையெழுத்து மேல போச்சு, அம்மா எழுதலன்னு முழுசா விலக்க முடியலன்னு நிபுணர்கள் சொன்னதை, அம்மாதான் எழுதினாங்கன்னு பலபேர் எடுத்துக்கிட்டாங்க.

ஒரு கையெழுத்து நிபுணர் வெறும் ஒத்துமையைத் தேடறதில்ல, ஒரே ஆளோட எழுத்து எவ்வளவு தூரம் மாறும்னுதான் முதல்ல பாப்பார். யாருமே ஒரே எழுத்தை ரெண்டு தடவை அச்சு மாதிரி எழுதறதில்ல, அவசரம், பேனா, உக்கார்ற விதம்னு எல்லாத்துக்கும் மாறும், ஆனா அந்த மாற்றத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அது பிடிபடணும்னா நிறைய சாம்பிள் வேணும். போலீஸ் சொல்லச் சொல்ல எழுதி வாங்கினா அதே வார்த்தைகள் கிடைக்கும், ஆனா எழுதறவர் உஷாரா இருப்பார், அதனால கேஸுக்கு முன்னாடி சாதாரணமா எழுதின லெட்டர், லிஸ்ட் எல்லாம் சேத்து வெச்சுத்தான் பாக்கணும்.

எழுத்தை மாத்தி எழுதறவங்க சாய்வையும் சைஸையும் சுலபமா மாத்திடுவாங்க. வார்த்தைக்கு நடுவுல விடற இடைவெளி, உயரமான எழுத்துக்கும் குட்டை எழுத்துக்கும் உள்ள அளவு வித்தியாசம், பேனாவை எங்க தூக்கறோம்ங்கறது, இதையெல்லாம் நாம கவனிக்கறதே இல்ல, அதனால மாத்தறதும் கஷ்டம், அதுவும் பக்கம் பக்கமா எழுதறப்போ பழைய பழக்கம் தானா வெளிய வரும். அந்த வகையில லெட்டர் நீளமா இருந்தது நல்லதுதான். மார்க்கர்தான் பிரச்சனை, மை பரவிடும், பால்பாயிண்ட் பேனா காட்டற அளவுக்கு அழுத்தமோ கோட்டோட நுணுக்கமோ அதுல தெரியாது.

குடும்பத்துக்குள்ள தேடறப்போ இன்னொரு ஆபத்து இருக்கு. சந்தேகப்படற ஆள் ரெண்டு மூணு பேர்தான்னு முன்னாடியே தெரிஞ்சா, கண்ணு அவங்க எழுத்துல ஒத்துமையை மட்டும் பொறுக்க ஆரம்பிச்சிடும், அதனாலதான் நிபுணருக்கு கேஸ் கதையே சொல்லக்கூடாதுன்னு நான் நினைக்கறேன். அதோட நெருங்கின சொந்தக்காரங்க எழுத்து ஒத்துப்போனாலும் குழப்பம்தான்: 2022ல 86 நிபுணர்களை வெச்சு அமெரிக்காவுல வந்த ஆய்வுல, வேற வேற ஆள் எழுதினதை ஒரே ஆள் எழுதினதுன்னு தப்பா சொன்னது மொத்தத்துல 3.1 சதவீதம், ஆனா இரட்டையர்களோட எழுத்துன்னு வந்தப்போ அது 8.7 சதவீதம்.

ராம்சே கேஸ்ல அப்பா எழுதலன்னு நிபுணர்கள் விலக்கிட்டாங்க, அம்மாவை முழுசா விலக்க முடியல. இந்த "முடியல"தான் வெளிய "அவங்கதான் எழுதினாங்க"ன்னு பரவிடுச்சு, இது ரொம்ப அநியாயம். 2003ல ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்புல எழுதினபடி, ஒரிஜினல் லெட்டரைப் பாத்த 6 நிபுணர்கள்ல ஒருத்தர்கூட அம்மா எழுதினதா சொல்லல, 5ன்னா முழுசா விலக்கியாச்சுன்னு அர்த்தம் வர்ற அளவுகோல்ல அவங்களை 4லயும் 4.5லயும்தான் வெச்சாங்க. இப்பவும் நெட்ல இருக்கற காப்பியில நாலு எழுத்தை வெட்டி பக்கத்துல பக்கத்துல ஒட்டி முடிவு சொல்றவங்க இருக்காங்க, ஒத்துப்போகாத எழுத்தெல்லாம் அந்தப் படத்துல வர்றதே இல்ல, மைக்ராஸ்கோப்ல எந்தக் கோடு முதல்ல விழுந்தது, பேனா எங்க நின்னு கிளம்புச்சுன்னு தேடறதுக்கு காப்பியில வழியும் இல்ல.