கன்டென்ட்: சொல்லும் சரக்கும்

காரைக்குடியில் கடை வைத்திருப்பவர்கள் பெருமூச்சோடு சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ‘ஜிஎஸ்டி’க்கு அடுத்த இடம் ‘கன்டென்ட்’டுக்குத்தான். “இன்னைக்குப் போடக் கன்டென்ட் இல்லண்ணே” என்பார் பலகாரக் கடைக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் தேன்குழல் பொரிந்துகொண்டிருக்கும். வரிவரியாகப் பிழிந்த மாவுப் பட்டையை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி, முனையை ஒட்டி, சீப்புச் சீடையாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பார் ஓர் ஆச்சி. கடைக்காரரோ இன்ஸ்டாகிராமில் அடுத்தவர் என்ன போட்டிருக்கிறார் என்று விரலால் தள்ளிக்கொண்டிருப்பார். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லேதான் என்பது என் எண்ணம்.

இன்றைய பேச்சுத் தமிழில் கன்டென்ட் மூன்று பொருளில் புழங்குகிறது. ஒன்று, சமூக ஊடகத்தில் போடுவது எதுவானாலும்: படம், ரீல்ஸ், நாலு வரி எழுத்து. இரண்டாவது, அதில் உள்ள சாரம். “வீடியோ பளிச்சுன்னு இருக்கு, ஆனா கன்டென்ட் இல்லை” என்கிறோமே, அது. மூன்றாவது கேலி. யாராவது மேடையில் உளறிவிட்டால் “மீம்ஸ் போடுறவங்களுக்குக் கன்டென்ட் கொடுத்துட்டார்” என்பது. முதல் பொருளும் இரண்டாவது பொருளும் கிட்டத்தட்ட எதிரெதிர். முதல் பொருளில் எதைப் போட்டாலும் கன்டென்ட். இரண்டாவதில் அதற்குள் ஏதாவது இருந்தால்தான் கன்டென்ட்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கொன்’ என்றால் சேர்த்து, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். இரண்டும் கூடி ‘கொன்டினேரே’: சேர்த்துப் பிடித்துக்கொள்வது, உள்ளே அடக்கி வைப்பது. அப்படி அடங்கியிருக்கும் பொருள் ஆங்கிலத்தில் கன்டென்ட் ஆனது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரும் இதே குடும்பம்தான். பானைக்குள் இருப்பது, பெட்டிக்குள் இருப்பது, புத்தகத்துக்குள் இருப்பது என்றுதான் ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் வழங்கியது.

அதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ‘டென்ட்’டை அழுத்திச் சொன்னால் கன்டென்ட் என்பதற்கு மனநிறைவு கொண்டவர் என்று பொருள். தன் எல்லைக்குள் அடங்கி நிற்பவருக்குக் குறை ஏது! ‘கன்டினென்ஸ்’ என்றால் புலனடக்கம். இப்போது தமிழைப் பாருங்கள். ‘அடங்கு’ என்ற வினையிலிருந்து வந்த ‘அடக்கம்’ உள்ளே இருப்பதையும் குறிக்கும், பணிவையும் குறிக்கும். திருக்குறளின் 13-ஆம் அதிகாரத்துக்கு அடக்கமுடைமை என்று பெயர். ஒட்டோ உறவோ இல்லாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. செட்டிநாட்டுக் கடைக்காரருக்கு மூன்றாவதாக ஓர் அடக்கமும் தெரியும்: அடக்கவிலை, அதாவது சரக்குக்கு ஆன மொத்தச் செலவு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இணையத்தோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதில் ஒரு கட்டுரைக்கும் பங்குண்டு. 1996 ஜனவரியில் பில் கேட்ஸ் ‘கன்டென்ட்தான் ராஜா’ என்ற பொருள்படும் தலைப்பில் எழுதினார். இணையத்தில் பெரும்பணம் இதில்தான் வரும் என்பது அவர் கணிப்பு. நம் பஜார்த் தெருக்களில் சொல் புரளத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ஊரடங்கில் கடையை அடைத்துவிட்டு போனும் கையுமாக இருந்த வியாபாரிகளுக்கு அதுவே புதுக் கல்லா. ஆனால் காரியம் சொல்லைவிடப் பழையது. 1900-இல் பிரான்சின் மிஷ்லின் டயர் கம்பெனி, கார் ஓட்டுவோருக்குப் பட்டறை எங்கே, சாப்பாடும் படுக்கையும் எங்கே என்று ஒரு கையேடு போட்டு இலவசமாகக் கொடுத்தது. வண்டி ஓடினால் டயர் தேயும், அவ்வளவுதான் கணக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது?

புத்தகத்துக்கு ‘பொருளடக்கம்’ என்கிறோம். கொஞ்சம் பழைய பதிப்புகளைப் புரட்டினால் அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘உள்ளுறை’ என்று இருக்கும். உள்ளே உறைவது. அழகான சொல், தொல்காப்பியம் பேசும் உள்ளுறை உவமத்தின் அதே உள்ளுறை. ஆனால் “இன்னைக்கு உள்ளுறை என்ன போடலாம்?” என்று கடையில் கேட்டால் தலையணை உறையை எடுத்து நீட்டுவார்கள்.

வியாபாரிகளின் சொல் ‘சரக்கு’. எனக்குப் பிடித்ததும் இதுதான். “ஆளிடம் சரக்கு இருக்கு” என்றால் விஷயம் தெரிந்தவர் என்று பொருள். ஹோட்டலில் வடை, பலகாரம் போடுபவரே சரக்கு மாஸ்டர்தான். சித்த வைத்தியத்தில் மருந்துக்குச் சேர்ப்பவை கடைச்சரக்கு. கன்டென்டின் இரண்டாவது பொருளை, அதாவது சாரத்தை, இதைவிட நன்றாகச் சொல்லும் தமிழ்ச் சொல் கிடையாது. என்ன செய்ய, டாஸ்மாக் காலத்தில் “தினமும் சரக்கு போடுகிறோம்” என்று ஒரு கடை பெருமையாக எழுத முடியுமா? ‘விஷயம்’ என்ற சொல்லும் பேச்சுக்குச் சௌகரியம்தான். “போட என்ன விஷயம் இருக்கு?” என்றால் எல்லாருக்கும் புரியும்.

எழுத்துக்கு ‘உள்ளடக்கம்’ நிலைத்துவிட்டது, நிலைத்ததும் சரியே. உள்ளே அடங்கியிருப்பது என்று வேர்ப்பொருளையே நேராகச் சொல்கிறது. அதோடு ‘உள்ளடக்க உருவாக்கம்’ என்று எழுதும்போது காதில் ஏதோ உறுத்துகிறது, கவனித்தீர்களா? உள்ளே ஏற்கனவே இருப்பதை எப்படி உருவாக்குவது? ‘கன்டென்ட் கிரியேஷன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது கேட்காத உறுத்தல் இது. சின்ன வியாபாரிக்கு அந்த உறுத்தல் நல்லது, தேட வேண்டிய இடம் எது என்று அது சொல்லிவிடுகிறது.

இனி ‘கன்டென்ட் ஐடியா’. ஐடியா கிரேக்கச் சொல். பார்ப்பது என்ற வேரிலிருந்து வந்தது. ‘யோசனை’ என்று பெயர்க்கலாம், தப்பில்லை. ஆனால் கதைக்கரு என்று தமிழில் சொல்கிறோம் அல்லவா, அந்தக் ‘கரு’ இங்கே இன்னும் பொருந்தும். ‘பதிவுக்கரு’ என்று வைத்துக்கொள்வோம். யோசனை மண்டையில் உதிக்க வேண்டும், கரு எங்கேயோ ஏற்கனவே உண்டாகியிருக்கும்.

எங்கே என்பதற்குக் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக்குப் போவோம். அங்கே பூக்கல், அதாவது பூவேலைத் தரைக்கல், செய்பவர் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைக்கிறார். சட்டத்துக்குள் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் குழம்பைக் கரண்டியால் விடுகிறார்: சிவப்பு, மஞ்சள், பச்சை. கை நடுங்காமல் அச்சை மட்டும் தூக்கிவிடுகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார். கல் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வந்ததும் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. கண்ணாடியைப் பிரிக்கும் அந்த நொடியைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு கட்டுபவர் கேட்பது வேறு: “இரண்டு கல்லுக்கும் நிறம் லேசாக மாறுதே, ஏன்?” “எப்படித் துடைப்பது?” “மாடியில் போடலாமா?” நிற வேறுபாடு கைவேலையில் இருக்கத்தான் செய்யும், துடைக்கும் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம் என்று கல் செய்யும் ஆளே கேமராவைப் பார்த்துச் சொன்னால் அது பதிவு. பட்டறைக்கு வரும் போனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இதையே சொல்கிறார்கள்! ஒவ்வொரு கேள்வியும் ஒரு கரு.

கவுனி அரிசி விற்பவருக்கும் இதே கதை. “வேகவே மாட்டேங்குது” என்பதுதான் அவருக்கு வரும் புகார். முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும் என்பது செட்டிநாட்டு வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஊறிய அரிசியையும் ஊறாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போதும்.

காலமும் கரு தரும். தீபாவளி, பொங்கலுக்கு ஊரே வாழ்த்துப் படம் போடும், அதில் உங்கள் கடை தெரியாது. பிள்ளையார் நோன்பு அப்படியல்ல. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு, சஷ்டியும் சதயமும் கூடும் நாள், 21 இழையில் திரி போட்டு ஏற்றிய மாவு விளக்கைச் சுடரோடு எடுத்து உண்பது என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளுக்கே உரியது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் “நோன்பு என்னைக்கு, சாமான் என்னென்ன?” என்று வீட்டு ஆச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாரத்தில், பலகாரக் கடை அந்தப் பட்டியலைப் போட்டால் கடையைத் தேடி வருவார்கள்.

பெயர்களும் அப்படியே. சீப்புச் சீடைக்கு ஏன் சீப்பு? அந்தப் பட்டையில் உள்ள வரிகளைக் கிட்டத்தில் காட்டினால் விளக்கமே வேண்டாம். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லாக் கடையும் எழுதிவிட்டது. கட்டங்களும் அகலமான கரையும் தறியில் எப்படி விழுகின்றன என்று காட்டியவர்கள் குறைவு.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அன்றாடச் செய்திக்கு, அதாவது ‘இன்று அதிரசம் உண்டு’ என்பதற்கு அது போதும். விளக்கம் சொல்லும் பதிவுகளை நிற்கும் இடத்தில் போடுங்கள்.

அடக்கவிலைக்கு வருகிறேன் என்றேன். எந்தப் பதிவைப் போட்டாலும் கீழே முதலில் விழும் கேள்வி “விலை என்ன?” என்பதுதான். “இன்பாக்ஸில் வாங்க” என்று பதில் போடுவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஓலைக் கொட்டான் (பனையோலையில் பின்னிய கூடை) விற்பவர் விலையைச் சொல்லி, அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதையும் சொல்லலாம்: பனங்குருத்து, அதை வகிர்ந்து காயவைத்த நாள், சாயம், பின்னியவரின் கூலி, ஓரத்துக்குத் தைத்த துணி. விலைக்குள் இருப்பதும் உள்ளடக்கம்தானே. கூலி இவ்வளவு என்று வெளியில் சொல்வதா என்று தயங்குகிறார்கள். சொல்லலாம் என்பேன். போட்டிக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம், அவருக்கு அது எப்போதோ தெரியும்.