ரத்தம் கொதிப்பதில்லை

“கோபப்படாதீர்கள், ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.” உடல்நலக் குறிப்பு என்று எதைத் திறந்தாலும் இந்த வரி வந்து நிற்கிறது. ஹைப்பர்டென்ஷன் என்ற நோய்க்கு நம் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் நெடுங்காலமாகச் சூட்டிவரும் பெயர் ரத்தக் கொதிப்பு. அந்தப் பெயரை இனி விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. உயர் ரத்த அழுத்தம் என்பதே சரி.

மூலச்சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். ஹைப்பர் என்பது கிரேக்கம். மேல், மிகுதி என்று பொருள். டென்ஷன் லத்தீன் வழி வந்தது. இழுத்துப் பிடித்த விறைப்பு. இரண்டு மொழிகளை ஒட்டவைத்த கலப்புச் சொல். அங்கே விறைப்பு என்றது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை, மனசின் விறைப்பை அல்ல. நாம் பேச்சில் டென்ஷன் என்றாலே பதற்றம் என்று எடுத்துக்கொள்வதால், ஹைப்பர்டென்ஷனை ‘மிகைப் பதற்றம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் பிழை, அதோடு விட்டுவிடலாம். கொதிப்பு அப்படியல்ல. பார்க்க நல்ல தமிழ்ச்சொல் போலவே இருக்கிறது, அதனால்தான் அது செய்யும் கெடுதல் அதிகம்.

ரத்தம் கொதிக்கிறது என்று நாம் எப்போது சொல்கிறோம்? அநியாயத்தைக் கண்டால் சொல்கிறோம். கொதிப்பு கோபத்தின் சொல், சூட்டின் சொல். இந்த நோயில் சூடே இல்லை. அழுத்தம் இயல்பாக 120/80 இருப்பவருக்கும் மிக உயர்ந்து 180/110 இருப்பவருக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், வேறு காய்ச்சல் இல்லையென்றால் இருவருக்கும் 37 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் காட்டும். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் நீளமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் அதில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றதை எழுதிவைத்தார். அவ்வளவு உயரத்துக்கு அதைத் தூக்கி நிறுத்தியது இதயம் தள்ளிய விசை. அன்று அளந்தது அழுத்தம். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் பட்டையைக் கட்டிப் பாதரசத்தால் அளந்ததும், 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலி கேட்டதும் அதே அழுத்தத்தை அறியத்தான். பெயரில் மட்டும் எதற்குக் கொதிப்பு?

‘மக்களுக்குப் புரிகிற சொல், விட்டுவிடேன்’ என்பார்கள். புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. சாந்தமான மனிதர் ஒருவர், ‘நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, எனக்கு ஏன் ரத்தக் கொதிப்பு வரப்போகிறது?’ என்று ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் இருந்துவிடுகிறார். கோபத்தில் அழுத்தம் ஏறுவது உண்மைதான். அடங்கினால் இறங்கிவிடும். நோய் என்று நாம் சொல்வது, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் இறங்காமல் நிற்கும் அழுத்தத்தை. வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, உட்கார்ந்தே கழியும் நாள், மது, சிறுநீரகக் கோளாறு என்று அதற்குக் காரணங்கள் பல. மாத்திரை சாப்பிடுகிறவரையும் இந்தச் சொல் விடுவதில்லை. ‘இந்த வாரம் மனசு அமைதியாக இருக்கிறது, கொதிப்பு இல்லை’ என்று அவராகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். கொதித்தால் தெரியும் அல்லவா? தெரியும் என்ற அந்த எண்ணத்தைக் கொடுத்ததே பெயர்தான். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாத நோய் இது. உலக அளவில் இது இருக்கும் பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது.

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்க்கலாம். நல்ல கலைச்சொல்லுக்கு எதிர்ச்சொல் எளிதில் அமைய வேண்டும். உயர் ரத்த அழுத்தம் என்றால் மறுபக்கம் தாழ் ரத்த அழுத்தம். ரத்தக் கொதிப்புக்கு மறுபக்கம் என்ன? ரத்தக் குளிர்ச்சியா? வழியில்லாமல் ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லி, அதைச் சோகையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. குழாயில் ஓடும் தண்ணீரின் அழுத்தமும் அதில் கரைந்திருக்கும் உப்பும் வேறு வேறு என்பதைப் போல.

சரி, அன்றாடப் பேச்சில் ‘எனக்கு பி.பி. இருக்கு’ என்கிறோமே? உயிரோடு இருக்கும் எல்லாருக்கும் பி.பி. இருக்கும், இருக்க வேண்டும். ஆனாலும் ‘பிரஷர்’ என்ற பேச்சுச்சொல்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கொதிப்பைவிட அது பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரத்தம் வடசொல் என்று ஒதுக்குவோர் குருதியழுத்தம் என்று எழுதலாம்; இலங்கைத் தமிழில் குருதியமுக்கம் என்பார்கள். இரண்டுமே நல்ல சொற்கள். நான் ரத்த அழுத்தத்தோடு நிற்கிறேன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும் என்பதால். கருவி காட்டும் இரண்டு எண்களுக்கும் இதயம் சுருங்கும்போது சுருக்கழுத்தம், விரியும்போது விரிவழுத்தம் என்ற அழகான பெயர்கள் உண்டு. கொதிப்பு என்று தொடங்கியவரால் இந்த இடத்துக்கு வந்து சேரவே முடியாது.

அழுத்தம் என்று சரியாக எழுதுகிறவர்களும் அடுத்த வரியிலேயே ‘உங்கள் இரத்த அழுத்தத்தை நிர்வகியுங்கள்’ என்கிறார்கள். நிர்வகிக்க அது என்ன கம்பெனியா? கட்டுக்குள் வைத்திருங்கள் என்றால் போதாதா? அப்புறம், ஆங்கிலத்தின் ‘சைலண்ட் கில்லர்’ என்பதை அப்படியே பெயர்த்த அந்த ‘அமைதியான கொலையாளி’. அமைதியான என்றால் நமக்குச் சாந்தமான என்றல்லவா தோன்றும்? ‘சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்’ என்று பாட்டிகள்கூடச் சொல்வார்கள். ‘சோடியம் உட்கொள்ளலை வரம்பிடவும்’ என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் பார்த்தேன். உப்பைக் குறையுங்கள், நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும் என்று எழுதினால் வீட்டில் சமைக்கிறவர் அன்றைக்கே செய்துவிடுவார். ‘அளவீட்டுக்கு முன் ஓய்வு நிலையை அடையவும்’ என்பதும் அதே பிரசுரம்தான். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியும் சிகரெட்டும் வேண்டாம். இதில் எந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டும்?