வேலிக்காத்தானில் ஒரு வில்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது சீமைக்கருவேல். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மரம். காயைத் தின்ற ஆடுமாடு போகிற இடமெல்லாம் முளைக்கும். வெட்டினால் கட்டையிலிருந்து பத்துக் கொம்பு கிளம்பும். நெருக்கியடித்து எழும் அந்தக் கொம்புகளில் ஒன்றிரண்டு நேராக இருக்கும். வில்லுக்கு அது போதும்.

முதல் கொம்பைச் சித்திரை வெயிலில் போட்டுக் கெடுத்தேன். பக்கவாட்டைவிட வெட்டுவாய் வழியேதான் ஈரம் வேகமாக வெளியேறும். முனை முந்திக்கொண்டு சுருங்க, மரம் நெடுக வெடித்துவிட்டது. அடுத்ததற்கு இரு முனையிலும் பசை பூசி நிழலில் போட்டேன்.

வில் வளையும்போது எய்பவனுக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகு இழுபடும். அவனைப் பார்த்த வயிறு நசுங்கும். எங்கள் ஊர் ஆசாரி கொம்பைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: “பட்டைக்கடியில நார் அறுபடாமப் பாத்துக்க கண்ணு. அறுந்தா அங்கதான் செலாம்பு பேந்துக்கிட்டு வரும்.” அதனால் முதுகில் பட்டையை உரித்ததோடு சரி. சீவல் எல்லாம் வயிற்றில்தான்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனம் அப்படியல்ல, விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மி.மீ. கனத்தில் 1 மி.மீ. போனால் 27 சதவீத விறைப்பு போய்விடும். கொடுவாளை வைத்துவிட்டு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவது இதனால்தான்.

தூணில் ஆணியடித்து, வில்லைத் தொங்கவிட்டு, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்க வேண்டும். வளையாத இடத்தில் கரிக்கோடு. அங்கே மட்டும் சுரண்டல். நான் பிடிக்கு ஒரு சாண் கீழே நாலு சுரண்டல் கூடுதலாகப் போட்டுவிட்டேன். அத்தனை வளைவும் அங்கேயே குவிந்து, வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. மரம் இழுவையைத் தாங்குகிற அளவுக்கு நசுங்கலைத் தாங்காது. மடிந்த இழை பழையபடி நிமிராது. நாணைக் கழற்றிய பிறகும் வில் இரண்டு விரற்கடை வளைந்தே கிடக்கிறது.

மூன்றாவது கொம்பை இன்னும் அகலமாக விட்டுச் சீவியிருக்கிறேன். நசுங்கல் பரவலாக விழுமல்லவா? இப்போது அது ஆணியில் தொங்குகிறது, பாதிக் கரிக்கோடுகளோடு.