டோக்கியோவில் நின்ற என் போன், ஹாங்காங்கில் இருந்தது

நரிதா ஏர்போர்ட்டில் விமானம் தரை தொட்டு ஏரோப்ளேன் மோடை எடுத்ததும் சிக்னல் வந்துவிட்டது. நாலு கோடும் முழுசாக, பக்கத்திலேயே ஜப்பான் ஆபரேட்டர் பெயர் வேறு. ஆனால் நெட் இல்லை. வாட்ஸப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேப் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கிறது, ஹோட்டல் முகவரியோ மெயிலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய இ-சிம் (அட்டை இல்லாமல் இணையம் வழியே போனுக்குள் இறங்கும் சிம்) ஏமாற்றிவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

"மாமா, டேட்டா ரோமிங் ஆன்ல இருக்கா?" என்று கேட்டான் மச்சினன்.

"டேய், ரோமிங்கே வேண்டாம்னுதானடா இதை வாங்கினோம்!"

ரோமிங் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒரு பெரியப்பாவாவது எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பட்டனைத் தொடவே கை வராது. மச்சினன் என் போனை வாங்கி, இ-சிம்மைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் ரோமிங்கை ஆன் செய்தான். மூன்று நொடியில் நாற்பது மெசேஜ் கொட்டியது. சரி, வேலை முடிந்தது என்று ரயில் பிடிக்கக் கிளம்பியபோதுதான் கவனித்தேன்: தேடல் பக்கத்தின் அடியில் ஹாங்காங் என்று எழுதியிருந்தது, விளம்பரமெல்லாம் சீன எழுத்தில். நான் நிற்பது ஜப்பானில். வாங்கியது "ஜப்பான் இ-சிம்". இதில் ஹாங்காங் எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பயண இ-சிம்மின் நல்லது கெட்டது எல்லாமே தானாகப் புரிந்துவிடும். அதற்கு சிம் என்றால் என்ன என்பதிலிருந்தே வர வேண்டும்.

சிம் என்பது அட்டை இல்லை. அட்டை வெறும் உறை. 1991-இல் மியூனிக் நகரத்து கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் முதல் சிம்களைச் செய்து பின்லாந்தின் ரேடியோலின்யா என்ற ஆபரேட்டருக்கு 300 எண்ணம் விற்றபோது, ஒவ்வொன்றும் ஏடிஎம் கார்டு அளவு இருந்தது. அப்புறம் மினி, மைக்ரோ, நானோ என்று சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டே வந்தார்கள். நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட உலோகப் பகுதி மட்டும்தான் மிச்சம். உள்ளே இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அது காப்பாற்றி வைத்திருப்பதில் முக்கியமானவை இரண்டே எண்கள். ஒன்று, பெரும்பாலும் 15 இலக்கமுள்ள சந்தாதாரர் எண். இது உங்கள் போன் நம்பர் இல்லை, நெட்வொர்க்குகள் தங்களுக்குள் உங்களை அழைக்கும் பெயர். இன்னொன்று 128 பிட் ரகசியச் சாவி. இந்தச் சாவி உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்கும்: உங்கள் சிம்மிலும், உங்கள் ஆபரேட்டரின் கம்ப்யூட்டரிலும்.

இந்தச் சாவி வெளியே வருவதே இல்லை என்பதுதான் இதில் அழகு. நெட்வொர்க் ஒரு குருட்டாம்போக்கு எண்ணைக் கொடுத்து "இதோடு உன் சாவியைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் சொல்" என்று கேட்கும். சிம் உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டு விடையை நீட்டும். ஆபரேட்டரும் அதே கணக்கைப் போட்டு வைத்திருப்பார், இரண்டும் ஒத்துப்போனால் உள்ளே விடுவார்கள். வழியில் ஒட்டுக்கேட்கிறவன் கையில் ஒரு கேள்வியும் ஒரு விடையும் சிக்கும், அதை வைத்து அவன் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அடுத்த முறை கேள்வியே வேறு.

ஆக, இரண்டு எண்களும் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க ஒரு சிப்பும் போதும் என்றால், அந்தச் சிப்பை எதற்கு வெளியே எடுத்துப் போட வேண்டும்? போன் செய்யும்போதே உள்ளே பற்றவைத்துவிட்டு, எண்களை மட்டும் இணையம் வழியாக அனுப்பினால் என்ன? இ-சிம் அவ்வளவுதான். அந்தச் சிப்புக்கு 32 இலக்கத்தில் ஒரு தனி அடையாள எண் உண்டு, ஈஐடி என்பார்கள். *#06# அடித்துப் பார்த்தால் போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணோடு ஈஐடி என்றும் ஒரு வரி வந்தால் உங்கள் போனில் அந்தச் சிப் இருக்கிறது என்று அர்த்தம். போன்களில் இ-சிம்முக்கான பொது விதிமுறையை மொபைல் ஆபரேட்டர்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2016-இல் வெளியிட்டது. 2017-இல் கூகுள் பிக்சல் 2, 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் இ-சிம்மோடு வந்தன, 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் தட்டே கிடையாது, 2025-இல் வந்த ஐபோன் ஏரில் எந்த நாட்டிலுமே கிடையாது. பறக்கிற விமானத்தில் ஊக்கின் முனையால் சிம் தட்டைக் குத்தித் திறந்து, நம்ம ஊர் சிம்மை சீட்டுக்கு அடியில் தொலைத்துவிட்டுத் தேடும் தலைமுறை எங்களோடு முடிகிறது.

பணம் கட்டியதும் மெயிலில் வரும் க்யூஆர் கோடுக்குள்தான் சிம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதைப் பிரித்துப் படித்தால் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: எல்பிஏ என்ற மூன்றெழுத்து, எண் 1, ஒரு டாலர் குறி, ஒரு சர்வரின் முகவரி, இன்னொரு டாலர் குறி, கடைசியில் ஒரு நீளமான குறியீடு. அதாவது "இந்தக் கடைக்குப் போய் இந்த டோக்கனைக் காட்டு" என்ற சீட்டு. போன் அந்த சர்வரைத் தேடிப் போகும். அங்கே முதலில் சர்வர் சிப்பை நம்ப வேண்டும், சிப் சர்வரை நம்ப வேண்டும், இருவரும் ஜிஎஸ்எம்ஏ வழிவந்த டிஜிட்டல் சான்றிதழை மாறி மாறிக் காட்டிக்கொள்வார்கள். சரி என்று பட்டால் அந்த ஒரு முறைக்காக மட்டும் ஒரு சாவியை உருவாக்கி, சிம்மின் விவரம் மொத்தத்தையும் பூட்டி அனுப்புவார்கள். அந்தப் பொட்டலத்தை உங்கள் போனின் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ கூடத் திறந்து பார்க்க முடியாது, கூரியர் பையனைப் போல வாங்கிச் சிப்பிடம் கொடுப்பதோடு அதன் வேலை சரி. அந்த ஒரு சிப்புக்கு என்றே பூட்டப்பட்டது என்பதால் வேறு போனில் போட்டால் திறக்காது. டோக்கனும் பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான். வேலை செய்யவில்லை என்று கோபத்தில் அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் பல கடைகளில் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்றுதான் வரும். நரிதாவில் நான் அதைத்தான் செய்யப் போனேன், மச்சினன் தடுத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இ-சிம்மை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்காகத்தான் இ-சிம்மே. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. அதனால் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. ஆனால் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில பேக்குகளுக்கு வெளிநாட்டு டவரைத் தொட்ட நேரத்திலிருந்து, சிலவற்றுக்கு நிறுவிய நிமிடத்திலிருந்தே. அப்புறம், மெயில் வந்ததும் அதே போனில்தான், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதே போன்தான் என்று முழிப்பவர்கள், கூட இருப்பவரின் போனுக்கு அனுப்பி அந்தத் திரையைக் காட்டலாம், இல்லாவிட்டால் முகவரியையும் குறியீட்டையும் கையால் அடிக்கலாம்.

இனி ஹாங்காங்குக்கு வருவோம்.

சந்தாதாரர் எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியா 404, 405. இலங்கை 413. ஜப்பான் 440. ஹாங்காங் 454. நான் வாங்கிய "ஜப்பான்" இ-சிம்மின் எண் 454 என்றுதான் தொடங்கும். பயண இ-சிம் விற்கும் கம்பெனிகளில் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு டவர்கூடக் கிடையாது. ஏதோ ஒரு நாட்டு ஆபரேட்டரிடம் மொத்தமாக எண்களை வாங்கி, அந்த ஆபரேட்டர் உலகமெங்கும் போட்டு வைத்திருக்கும் ரோமிங் ஒப்பந்தங்களின் மேல் சவாரி செய்கின்றன. ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொத்த விலை, நம்மிடம் ரோமிங் பேக் என்று வாங்கும் சில்லறை விலையைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கலாம், அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. ஆக நான் ஜப்பானில் உள்ளூர்வாசி இல்லை. சுற்றுலா வந்த ஹாங்காங்காரன். அதனால்தான் ரோமிங் பட்டனை ஆன் செய்யும்வரை போன் டேட்டாவைத் திறக்கவில்லை. ரோமிங் வேண்டாம் என்று வாங்கிய பொருளே ரோமிங்தான், மலிவு ரோமிங்.

டவரில் நடப்பது இதுதான். ஜப்பான் நெட்வொர்க் 454-ஐப் பார்த்ததும் ஹாங்காங்கைக் கேட்கிறது: "உங்க ஆள் ஒருத்தர் வந்திருக்கார், விடலாமா?" ரகசியச் சாவி இருப்பது அங்கேதான், எனவே கேள்வியும் எதிர்பார்க்கும் விடையும் அங்கிருந்து வருகின்றன, ஜப்பான் நெட்வொர்க் கேள்வியை மட்டும் என் போனிடம் கொடுத்து விடையை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சாவியை ஜப்பானுக்குக்கூடக் காட்டுவதில்லை. அதோடு முடியவில்லை. பெரும்பாலான ரோமிங்கில் என் டேட்டா ஜப்பானில் இணையத்துக்குள் இறங்குவதே இல்லை, ஆபரேட்டர்களுக்கு இடையே ஓடும் தனி வலையில் ஒரு குழாய் போட்டு அதை அப்படியே ஹாங்காங்குக்குக் கொண்டுபோய் அங்கேதான் திறந்துவிடுகிறார்கள். இணையத்தில் என் போனின் விலாசமான ஐபி முகவரியைக் கொடுப்பதும் ஹாங்காங்கில் இருக்கும் அந்த வாசல்தான். இணையத்தின் கண்ணுக்கு நான் ஹாங்காங்கில் இருக்கிறேன், சீன விளம்பரத்துக்குக் காரணம் அதுதான்.

மச்சினன் வேறு கடையில், இன்னும் கொஞ்சம் மலிவாக வாங்கியிருந்தான். ரயிலில் அடுத்தடுத்த சீட், ஒரே ஜப்பான் நெட்வொர்க், ஆனால் என் போனில் பக்கம் திறந்த பிறகும் அவன் போன் யோசித்துக்கொண்டிருந்தது. வேகம் பார்க்கும் செயலியைப் போட்டோம். லொகேஷன் அனுமதி கொடுக்காததால் அது ஐபி முகவரியை வைத்துப் பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுத்தது: எனக்கு ஹாங்காங், அவனுக்கு போலந்தின் வார்சா. ஒரு கேள்வி போய்ப் பதில் வர எனக்கு 70 மில்லிசெகண்ட், அவனுக்கு 260. இறக்கும் வேகம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். டோக்கியோவிலிருந்து ஹாங்காங் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர், போய்வர குறைந்தது 29 மில்லிசெகண்ட். வார்சா சுமார் 8,600, போய்வர 86. கேபிள் நேர்க்கோட்டில் போகாது, கடலடியில் வளைந்து நெளிந்து, நடுவில் பல சந்திப்புகளில் நின்று போவதால் நிஜத்தில் இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும், முகவரி கேட்க ஒன்று, கை குலுக்க ஒன்று, பூட்டுச் சாவி பரிமாற ஒன்று, கடைசியில்தான் பக்கம். அவனுக்கு நாலு தடவைக்கே ஒரு நொடி போய்விட்டது. இதில் அவன் திறந்தது டோக்கியோ ரயில் நேர அட்டவணை. அந்த சர்வர் டோக்கியோவிலேயே இருந்தால், அவன் கேள்வி வார்சா போய், அங்கிருந்து டோக்கியோ வந்து, பதில் மறுபடி வார்சா போய் டோக்கியோ வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அங்கேதான்.

படம் பார்க்க, போட்டோ அனுப்ப இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. வீடியோ காலிலும் ஆன்லைன் விளையாட்டிலும் தெரியும். எல்லாக் கடையும் இப்படி என்றும் சொல்ல முடியாது, சில நிறுவனங்கள் வாசலைப் பக்கத்து ஊரிலேயே, ஏன் அந்த நாட்டிலேயேகூட வைத்திருக்கும். இந்தச் சுற்றுவழிக்கு ஒரு லாபமும் உண்டு. சீனாவில் கூகுளும் வாட்ஸப்பும் உள்ளூர் இணையத்தில் திறக்காது, ஆனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் திறக்கும், காரணம் டேட்டா அந்தத் தடுப்பு இருக்கும் வாசல் வழியாகவே போவதில்லை.

நம்ம ஊர் சிம்மை என்ன செய்வது? எடுக்க வேண்டாம். கார்டு ஒன்று, இ-சிம் ஒன்று என இரண்டும் ஒரே நேரத்தில் டவரோடு பேசிக்கொண்டிருக்கும். பேங்க் ஓடிபி வருகிற எஸ்எம்எஸ் டேட்டா வழியில் வருவதில்லை, நெட்வொர்க்கின் கட்டுப்பாட்டுத் தடத்தில் வருகிறது, ஆகவே இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தாலும் அது வந்து சேரும். ஆனால் அந்த சிம்மில் சர்வதேச ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும், ரீசார்ஜும் உயிரோடு இருக்க வேண்டும், இதைக் கிளம்பும் முன்பே உங்கள் ஆபரேட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சிம்மில் நெட் மங்கினால் தானாக இன்னொரு சிம்முக்குத் தாவும் வசதி போனில் உண்டு, அதைக் கட்டாயம் அணையுங்கள், பெரியப்பா கதைகள் அங்கேதான் பிறக்கின்றன. வாட்ஸப் "நம்பர் மாறிவிட்டதா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் பழைய நம்பரிலேயே தொடரலாம்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாததால் 2024 ஜனவரியில் பயண இ-சிம் விற்கும் ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு செயலிகளும் இந்தியாவின் ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டன. யாரிடம் வாங்கினாலும் அனுமதி உள்ளவரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் சிம் எந்த ஊர்க்காரர் என்று அறிய ஒரு சின்ன வழி இருக்கிறது. செட்டிங்ஸில் ஐசிசிஐடி என்று ஒரு நீண்ட எண் இருக்கும். எல்லா சிம்முக்கும் அது 89-இல் தொடங்கும், அடுத்து வருவது நாம் ஐஎஸ்டி போட அடிக்கும் நாட்டு எண்: இந்தியா 91, இலங்கை 94, சிங்கப்பூர் 65, போலந்து 48, ஹாங்காங் 852. திரும்பி வரும் விமானத்தில் மச்சினனின் எண்ணைப் பார்த்தேன், 8948. "அடுத்த தடவை எனக்கும் ஹாங்காங்ல வாங்கிக் கொடுங்க மாமா" என்றான். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். 120 ரூபாய் என்றான்.