ஸ்டென்ட்: லண்டன் பல் டாக்டர் பேரு நம்ம ஆஸ்பத்திரி பில்லுக்கு வந்த கதை

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் யாருக்காச்சும் நெஞ்சுவலின்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா, மறுநாளே வளவுக்குள்ள பேச்சு "அப்பச்சிக்கு ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காகளாம்"னுதான். ஸ்பிரிங்குன்னு சொல்றவுகளும் உண்டு. விஷயம் இம்புட்டுத்தான், அடைச்ச ரத்தக்குழாய பலூன வச்சு விரிச்சிட்டு, அது திரும்பச் சுருங்காம இருக்க உள்ளயே விட்டுட்டு வர்ற சின்ன கம்பிவலைக் குழாய்.

ஆனா சொல்லுக்கும் இதயத்துக்கும் ஆதியில சம்பந்தமே இல்ல. சார்லஸ் ஸ்டென்ட்னு 19ஆம் நூற்றாண்டுல லண்டன்ல ஒரு பல் டாக்டர், பல்லுக்கு அச்சு எடுக்க கட்டாபர்ச்சா பிசின்ல வேற சிலதக் கலந்து 1856ல ஒரு பசை செஞ்சாரு (அந்தப் பிசினே மலாய்க் காட்டு மரத்துல எடுக்கிறது, நம்ம ஆளுக கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டித் தொழில் பண்ண, போன அதே சீமை!). முதல் உலகப்போர்ல எஸ்ஸர்னு ஒரு டச்சு சர்ஜன், முகம் சிதைஞ்ச சிப்பாய்களுக்குத் தோல் ஒட்டுறப்ப அது நகராம இருக்க இந்தப் பசைய அண்டக்குடுத்தாரு. அப்புறம் உடம்புக்குள்ள எதத் தாங்கிப் பிடிச்சாலும் ஸ்டென்ட்னே பேராயிருச்சு, 1986ல பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல மனுச இதயத்துக்கும் போயிருச்சு.

தமிழ்ல? 'தமனித்தாங்கி' கேக்க நல்லாத்தான் இருக்கு (தமனின்னா இதயத்துல இருந்து ரத்தத்தக் கொண்டுபோற குழாய்), ஆனா சிறுநீர்க்குழாய்லயும் பித்தக்குழாய்லயும் வைக்கிறதும் ஸ்டென்ட்டுதான், அங்க தமனி எங்க வந்துச்சு? என் ஓட்டு 'தாங்குகுழல்'. இதயத்துக்கு வைக்கிறத மட்டும் சொல்லணும்னா 'இதயத் தாங்குகுழல்'.

இந்த வித்தியாசத்துல காசும் இருக்கு. 2017 பிப்ரவரில தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு போட்டது இதயத் தாங்குகுழலுக்கு மட்டும்தான். வெறும் கம்பிக்கு 7,260 ரூபாய், மருந்து தடவுனதுக்கு 29,600, வரி தனி. அதுக்கு முன்னாடி மருந்து தடவுனது லட்சத்தத் தாண்டியெல்லாம் வித்துச்சு, அதுல பெரும்பங்கு செஞ்சவனுக்குப் போகல, நடுவுல கைமாத்துறவுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போச்சுன்னு ஆணையமே கணக்கு வெளியிட்டுச்சு. இப்ப வருசாவருசம் மொத்தவிலைக் குறியீட்ட (மொத்த வியாபாரத்துல விலை ஏறி இறங்குறதக் காட்டுற கணக்கு) பாத்து இந்த வரம்ப மாத்துறாக.

கம்பெனிக்காரவுக, இப்படி விலையக் கட்டுனா புது மாடல் இங்க வராதுன்னாக, சில வெளிநாட்டுக் கம்பெனிக சில மாடல வாபஸ் வாங்கவும் கேட்டாக. எனக்கென்னமோ வரம்பு போட்டது சரிதான், ஆனா பாதிக்கிணறுதான் தாண்டியிருக்கு, ஏன்னா பில்லுல ஸ்டென்ட் ஒரு வரிதான், ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸு, பலூன், வயர், பேக்கேஜுன்னு தனியார் ஆஸ்பத்திரி போடுற மத்த வரிக்கெல்லாம் இப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. தமிழ்நாட்டுல 1997லயே தனியார் மருத்துவமனைகள ஒழுங்குபடுத்த சட்டம் வந்துருச்சு, விதிமுறை வர 2018 ஆச்சு, அதுலயும் பதிவு, குறைஞ்சபட்ச வசதி இதுகதான் முக்கியம், ஆபரேஷனுக்கு இன்ன ரேட்டுன்னு ஒண்ணும் கிடையாது.

வட்டிச்சிட்டைய வரிவரியாப் பாக்குற ஊரு, ஆஸ்பத்திரி பில்லுல மட்டும் கடைசித் தொகையப் பாத்துட்டு மடிச்சு வச்சிருது. 2017 உத்தரவுப்படி இதய ஸ்டென்ட்டோட விலையத் தனியாப் போடணும், கூடவே பிராண்டு, கம்பெனி பேரு, பேட்ச் நம்பர் எல்லாம் பில்லுல இருக்கணும், பேக்கேஜுன்னு சொன்னாலும் இத எழுதி வாங்கிட்டே காசக் கட்டுங்க.