மூன்று விரல் மட்டக்குதிரை

"குதிரைக்கு ஒரு காலத்தில் மூன்று விரல் இருந்ததாமே? கூடுதல் விரலை வைத்துக்கொண்டு அது எப்படி ஓடியது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருந்தது உண்மைதான். ஆதிக் குதிரைகளுக்கு முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் மூன்று. பிறகு எல்லாக் காலிலும் மூன்று. இன்று ஒன்றே ஒன்று. மூன்று விரல் கூட்டத்தில் பேர்போனது ஹிப்பாரியன். 1832-ல் பிரெஞ்சுக்காரரான ஜூல் த கிறிஸ்டோல் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை, ஹிப்பாரியன் என்றால் மட்டக்குதிரை. விரலைப் பற்றிப் பெயரில் மூச்சே இல்லை!

ஓட்டத்துக்கு வருவோம். எடையைத் தாங்கியது நடுவிரல். பக்க விரல்கள் இரண்டும் சின்னஞ்சிறு குளம்புகளோடு, நிற்கும்போது தரையில் படாமல் சற்று மேலேயே இருந்தன. குதிரைக் காலின் கீழ்ப்பகுதியில், எலும்புக்குப் பின்னால் தடித்த நார் ஒன்று ஓடுகிறது. நம் உள்ளங்கை எலும்புகளுக்கிடையே இருக்கிற சிறு தசைகளுக்கு அது ஒன்றுவிட்ட உறவு. குதிரையில் தசை ஏறக்குறைய மறைந்து நாராகவே மாறிவிட்டது. காலை ஊன்றியதும் குளம்புக்கு மேலுள்ள மூட்டு அமுங்கும், நார் இழுபடும். எடை முன்னே நகர்ந்ததும் அது ரப்பர் பட்டைபோலச் சுருங்கிக் காலை உந்திவிடும். தசைக்கு அவ்வளவு வேலை மிச்சம். ஆனால் பாய்ச்சலில் மூட்டு அளவுக்கு மீறி அமுங்கினால் நார் கிழிந்துவிடும். அந்த நொடியில்தான் பக்க விரல்கள் தரையில் முட்டி மூட்டைத் தடுத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சேற்றில் பிடிமானமும் கிடைத்திருக்கும்.

தான்சானியாவின் லேட்டோலியில், சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைச் சாம்பலில் ஹிப்பாரியன்களின் காலடித் தடங்களே கிடைத்திருக்கின்றன, குட்டி ஒன்றின் தடம் உட்பட. நடையின் வகையைக்கூட அதிலிருந்து கணித்துவிட்டார்கள்.

இன்றைய குதிரையிலும் அந்தப் பக்க விரல்களின் மிச்சம், கால் எலும்பின் இருபுறமும் மெலிந்த எலும்புகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அபூர்வமாகக் கூடுதல் விரலோடு குட்டி பிறப்பதும் உண்டு. ஜூலியஸ் சீசரின் குதிரைக்கு விரல்போலப் பிளந்த குளம்புகள் இருந்ததாகவும், அதன் சொந்தக்காரர் உலகை ஆள்வார் என்று குறிகாரர்கள் சொன்னதாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். ஆண்டவர் சீசர், பெயர் வாங்கியவர்கள் குறிகாரர்கள். இந்தத் தொழில் நம் ஊரிலும் நன்றாகவே நடக்கிறது.

ஹிப்பாரியன் கூட்டம் இந்தியாவிலும் மேய்ந்தது. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் பிரிட்டிஷ்காரர்களான பால்கனரும் காட்லியும் 1830-களில் திரட்டத் தொடங்கிய புதைபடிவங்களில் பெரும்பகுதி லண்டனுக்குப் போய்விட்டது. அதே குன்றுகளில் இன்னும் எலும்புகள் மண்ணோடு கரைந்துகொண்டிருக்கின்றன. தோண்டவும் பாதுகாக்கவும் அரசு ஒதுக்கும் பணம் போதாது என்பேன்.