டேனிங் எல்லாம் துவரூட்டல் ஆகுமா?

பச்சைத்தோலைக் கெடாத தோலாக்கும் வேலையை ஆங்கிலத்தில் டேனிங் என்பார்கள். தமிழில் அதைத் துவரூட்டல் என்றும் பதனிடுதல் என்றும் எழுதுகிறோம். எது எங்கே பொருந்தும்? கொல்லாம்பழத்தை, அதாவது முந்திரிப்பழத்தை, உப்புத் தொடாமல் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும், தொண்டை காறும். சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. துவர்ப்பு என்பது இதுதான். எச்சிலுக்கு வழுவழுப்பைத் தருவது புரதம். பழத்தில் உள்ள துவர்ப்பொருள் அந்தப் புரதத்தோடு சேர்ந்து திரிந்துவிடுவதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. முடி நீக்கிய ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டாலும் இதே கதைதான். அங்கே அகப்படும் புரதம் தோலின் கொலாஜன் நார். நார்களுக்கிடையே இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டுத் துவர்ப்பொருள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் தோல் எளிதில் அழுகாது, காய்ந்தாலும் விறைத்துக் கொம்பு போல ஆகாது. இந்த ஒரு வேலைக்குத்தான் ‘துவரூட்டல்’ என்ற சொல் சரியாகப் பொருந்தும்.

ஆங்கிலச் சொல்லும் பட்டையில் பிறந்ததுதான். இடைக்கால லத்தீனில் ‘தன்னும்’ என்றால் இடித்த ஓக் மரப்பட்டை. அதில் தோலை ஊறவைப்பது டேனிங், பட்டையில் இருக்கும் சரக்கு டானின். அப்படி ஊறிய தோலின் பழுப்பு நிறத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நாகர்கோவில் அழகு நிலையத்தில் ‘முகத்துல டேன் எடுக்கணும்’ என்று சொல்பவர் ஓக் பட்டையைத்தான் நினைவூட்டுகிறார், அவருக்கே தெரியாமல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குரோமிய உப்பைக் கொண்டு தோலை நிலைப்படுத்தும் முறை பரவியபோது, பட்டையே இல்லாத அந்த வேலைக்கும் டேனிங் என்றே பெயர் வைத்தார்கள். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

தமிழில் ‘துவர்’ சுவையை மட்டும் குறிப்பதில்லை. சிவப்பையும் குறிக்கும்: துவராடை என்றால் காவி ஏற்றிய உடை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கும் நீரில் ஊறுவது பத்துத் துவர். உரையில் வரும் அந்தப் பத்தில் திரிபலையும் உண்டு, திரிபலையில் கடுக்காயும் உண்டு. அதே கடுக்காய் தோல் தொட்டியிலும் இறங்குகிறது. இன்னொரு பொருள் உலர்தல், ஈரம் போதல். குமரி மாவட்டத்தில் தலை துடைக்கும் துண்டைத் ‘துவர்த்து’ என்கிறோமே, அது இந்த வழி. சுவை, செந்நிறம், ஈரம் நீங்கல் ஆகிய மூன்றும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்குள் ஒன்றாக நடப்பதால், துவரூட்டலை வெறும் மொழிபெயர்ப்புச் சொல் என்று ஒதுக்க முடியாது.

அப்படியானால் ‘பதனிடுதல்’? பதம் என்பதன் மறுவடிவம் பதன், அறம் அறன் ஆவதுபோல. சரியான நிலை என்று பொருள். கருப்பட்டிக்குப் பாகு காய்ச்சும்போது பார்ப்பதும் அந்தப் பதம்தான். நாம் அக்கானி என்று குடிக்கும் பதனீரிலும் அதே பதன் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு இடத்திலும் சுண்ணாம்பு உண்டு. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அக்கானி புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது. தோல் தொட்டியில் சுண்ணாம்பு முடியின் வேரைத் தளர்த்தி, நாரை உப்ப வைக்கிறது. கலயத்தில் அது காவல், தொட்டியில் அது வந்த வேலை முடிந்ததும் வெளியேற வேண்டிய விருந்தாளி.

ஆகவே பதனிடுதல் என்பது பச்சைத்தோல் வந்ததிலிருந்து முடிந்த தோல் வெளியேறும் வரையிலான மொத்த வேலைக்கும் பெயர். உப்பிடல், ஊறவைத்தல், முடி நீக்கல், சுண்ணாம்பு நீக்கல், துவரூட்டல் அல்லது குரோமிய ஏற்றம், சாயமேற்றல், எண்ணெயிடல் எல்லாம் அதற்குள் அடக்கம். செண்டை மேளத்துக்குக் கட்டும் தோலைப் பாருங்கள். முடி நீக்கி, இழுத்துக் காயவைத்தது. துவரூட்டாதது. அதற்குத் துவரூட்டினால் விறைப்புப் போய் நாதம் செத்துவிடும். மழையில் நனைந்தால் அது தொய்வதும் துவரேறாததால்தான்.

‘இயற்கை முறையில் பதனிட்டது’ என்று ஒரு செருப்பிலோ பையிலோ எழுதியிருந்தால் அது இந்த வேலைகளில் எதைச் சொல்கிறது? பெரும்பாலும் துவரூட்டலை மட்டும். ஆனால் கழிவுநீரைக் கெடுப்பதில் பெரும்பங்கு அதற்கு முந்தைய வேலைகளுடையது. பச்சைத்தோல் கெடாமலிருக்க எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை உப்பு போடுவார்கள். ஊறவைக்கும்போது அவ்வளவும் தண்ணீரில் கரைந்து போகும், எந்தச் சுத்திகரிப்பும் அதை எளிதில் பிரிக்காது. பாலாற்றங்கரை நிலத்தடி நீர் உவர்த்ததில் இந்த உப்புக்குப் பங்குண்டு. வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று சொன்னதும் அந்தத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றித்தான். முதல் மாற்று எளியது: போட்ட உப்பை ஊறவைக்கும் முன் உதறி எடுப்பது. அடுத்தது உப்பைக் குறைத்து போரிக் அமிலம் சேர்ப்பது. அறுத்த அன்றே தொட்டிக்குப் போகும் தோலென்றால் உப்பே வேண்டாம்.

முடி நீக்கலில் வழக்கம் சுண்ணாம்பு 10 சதவீதம், சோடியம் சல்பைடு 2 முதல் 3 சதவீதம். சல்பைடு கலந்த நீர் அமிலத் தொட்டி நீரோடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆளைச் சாய்ப்பது அந்த நேரத்தில்தான். மாற்று, புரதத்தைச் செரிக்கும் நொதி. தோலெடைக்கு 1 சதவீதம் அளவில் கலந்து தசைப்பக்கம் பூசி, ஓரிரவு அடுக்கி வைத்தால் முடி முழுதாக உதிரும், கரைந்து நீரில் கலக்காது. ஆபத்து ஒன்று உண்டு: நேரம் மீறினால் நொதி முடிவேரோடு நிற்காமல் நாரையும் தின்னும். மேல்தோல் தளர்ந்து, மடித்தால் சுருக்கம் விழும். குமரியின் புழுக்கத்தில் புத்தகம் சொல்லும் நேரத்தை அப்படியே நம்பக்கூடாது, இரண்டு மணிக்கொரு முறை முடியை இழுத்துப் பார்க்க வேண்டும்.

இனி துவரூட்டல். ஒரு கிலோ ஈரத்தோலுக்குக் குறைந்தது 200 கிராம் துவர்ப்பொருள் வேண்டும். ஆவாரம்பட்டையில் அது 15 முதல் 20 சதவீதம் என்பதால் ஒரு கிலோவுக்கு மேல் பட்டை தேவைப்படும். நம் பக்கத்தில் கைக்கெட்டும் இன்னொரு சரக்கு, அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பின் மேலிருந்து உரிக்கும் செந்நிறத் தோலி. ஆவாரம்பட்டை வகைத் துவர்தான் அதிலும். வெளி ஓட்டுத் துண்டு ஒன்றுகூடக் கலக்காமல் புடைத்தெடுக்க வேண்டும், ஓட்டெண்ணெய் கையைப் பொள்ளவைக்கும். பட்டையோ தோலியோ, தண்ணீர் கொதிக்காமல் 60 முதல் 70 பாகை செல்சியஸில் வைத்துச் சாறிறக்கினால் போதும். பாத்திரம் மண், பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர். இரும்புச் சட்டி ஆகாது: துவரும் இரும்பும் சேர்ந்தால் மை, தோலெல்லாம் கருநீலத் திட்டு.

சாறில் இறக்கும் முன் சுண்ணாம்பு முழுதும் போயிருக்க வேண்டும். தடித்த இடத்தில் ஒரு வெட்டுப் போட்டு காரத்தைக் காட்டும் பினாப்தலீன் சொட்டு விட்டால், சுண்ணாம்பு மிச்சமிருக்கும் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகும். அப்படியே இறக்கினால் காரத்தில் துவர் கறுத்து மேல்புறம் கறைபடும். முதல்நாள் பழைய, நைந்த சாறு, பிறகு நாளுக்கு நாள் அடர்ந்தது. இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம் கெடுப்பது. தொடக்கத்திலேயே அடர்சாறில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே சாறு போக வழியிருக்காது. வெளியே பார்க்கப் பழுப்பு, வெட்டினால் நடுவில் துவரேறாத வெளிர்ந்த கோடு. அந்த இடத்தில் வினிகர் ஒரு துளி விட்டால் கண்ணாடி போல உப்பும். அப்படிப்பட்ட தோல் மழைக்காலத்தில் அங்கேயே அழுகும்.

ஆவாரம்பட்டை ஊட்டிய தோல் வெயிலில் சிவக்கும். அதற்குத்தான் கடைசியில் கடுக்காய்ச் சாறு: வெளிர்மஞ்சளாக்கி, சிவப்பேறுவதைத் தணிக்கும். பிறகு ஈரம் இருக்கும்போதே புங்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் தடவி நிழலில் உலர்த்த வேண்டும், நீர் விலகும் இடத்தில் எண்ணெய் நுழையும். வெயிலில் காய்ந்தால் கறுத்து வெடிக்கும்.

துவரூட்டலும் புனிதமல்ல. செலவான பட்டைச்சாறு பழுப்பாகவே நிற்கும், நுண்ணுயிர் அதை எளிதில் செரிக்காது, வாய்க்காலில் விட்டால் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பழைய சாறை அடுத்த தோலுக்கு முதல்நாள் சாறாக்குவதுதான் இதில் பசுமையான பகுதி. குரோமிய முறைக்கு வந்தால், போட்ட குரோமிய உப்பில் 60 முதல் 70 சதவீதம்தான் வழக்கமாகத் தோலில் ஏறும். மீதியைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதும், ஏற்றத்தைக் கூட்டுவதும்தான் அங்கே செய்ய வேண்டியது. தோலில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம் (குரோமியம்-3), நச்சு மிகுந்தது அறுவிணைதிறம் (குரோமியம்-6). ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோல்பொருளில் அறுவிணைதிறத்துக்கு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. இந்த முறையைத் தமிழில் ‘குரோமியத் துவரூட்டல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதில் துவர் எங்கே? ‘குரோமியப் பதனிடல்’ என்பதே சரி.

சாயமேற்றலிலும் பெயரை நம்பி ஏமாறலாம். குடிதண்ணீரில் போடும் பதிமுகம் என்ற மரச்சீவல் இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்துத் தோலுக்கும் அதே நிறம் வரும் என்று நினைக்கக்கூடாது. துவரூட்டிய தோல் அமிலத்தன்மை உள்ளது, அதில் பதிமுகம் மஞ்சளாகச் சாயும். முதலில் தோலெடைக்கு 3 முதல் 5 சதவீதம் படிகாரம் ஏற்றினால் சிவப்பு நிற்கும், ஆனாலும் வெயிலில் மங்கும். கறுப்புக்கு, துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஒரு வாரம் போட்டு வடித்து, நீர்க்கச் செய்து பூசினால் துவரோடு சேர்ந்து உடனே கறுக்கும். பின்பு சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி எண்ணெயிட வேண்டும். இரும்பு அதிகமானால் சில ஆண்டுகளில் அந்த இடம் மொறுமொறுவென உடையும். சாயநீர் 50 பாகைக்கு மேல் போகக்கூடாது, துவரூட்டிய தோல் சுருங்கிவிடும். செயற்கைச் சாயம் என்றாலே தவறு என்பதில்லை. இந்தியாவில் 1990-களில் தடைசெய்யப்பட்ட 112 சாயங்களில் சேராததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடையில் ‘ஈகோ லெதர்’ என்று சொல்லி எடுத்துவைப்பது பலநேரம் ரெக்சின்தான். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு, பதனிடலே கிடையாது. சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலளவு கேட்டு வாங்கிக் கொதிநீரில் போடுங்கள். துவரூட்டியது சுருண்டு கெட்டியாகும். குரோமியத் தோல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், சாயம் ஆழமாக ஏறாததாக இருந்தால் வெட்டுவாயில் நீலச்சாம்பல் கோடும் தெரியும். ஆணி ஊறிய வினிகர் ஒரு சொட்டு கறுத்தால் அதில் துவர் இருக்கிறது.